அக்கா பார்த்த புகை

என் பெரியக்காவைக் கட்டி மேய்த்தே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

அவள் குடியிருக்கும் வீட்டை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மகன் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. மகனும் மருமகளும் வா வா என்கிறார்கள். இவள் மாட்டவே மாட்டேன் என்கிறாள். காரணம், அதே வீட்டில் இன்னோர் அறையில் இருப்பது மருமகளின் அம்மா.

ஆலைக் குவார்ட்டர்ஸில் இரண்டு பேரும் ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தவர்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு பாய்லரில் வேலை, அந்த அம்மாளின் வீட்டுக்காரர் ஃபிட்டர். ஆண்கள் இருவரும் போய்ச்சேர்ந்த பிறகும், எங்கள் வாயில் அவள் ஃபிட்டர் வீட்டம்மாதான். பிள்ளைகள் சத்தமில்லாமல் காதலித்துக் கல்யாணத்தில் வந்து நின்றபோதுகூட அம்மாக்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. எல்லாம் ஒரு கொடித் துணியால் வந்த வினை.

அந்த லைன் வீடுகளில் துணி காயப்போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆலைப் புகைபோக்கியின் புகை குவார்ட்டர்ஸ் பக்கம் சாய்ந்தால் கரி கொட்டும். ஈரத்துணியில் விழுந்தால் அவ்வளவுதான். அக்கா காலையில் வாளியோடு கொல்லைக்கு வந்து, நெற்றியில் கையை வைத்துப் புகையை அண்ணாந்து பார்ப்பாள். அவள் முதல் துணியை உதறிப் போட்டால்தான் மற்ற வீட்டு வாளிகள் வெளியே வரும். "பாய்லர் வீட்டம்மா போட்டாச்சு!" என்று லைனின் மறுகோடிவரைக்கும் குரல் போகும். மாமாவுக்கு ஆலை சம்பளம் கொடுத்தது. அக்காவுக்குப் புகை மரியாதை கொடுத்தது.

ஒருநாள் அவள் போட்டாள், எல்லோரும் போட்டார்கள், புகை திரும்பிவிட்டது. ஃபிட்டர் வீட்டுப் பெண் மறுநாள் பள்ளிக்கூட மேடையில் ஆடுவதற்கு வைத்திருந்த வெள்ளைக் கவுன் உள்பட, லைன் முழுக்கத் துணி கரியாகிவிட்டது. அக்கா வீட்டுத் துணி மட்டும் மறுநாள் காலையில் பளிச்சென்று மடித்து இருந்தது.

"நான் அப்பவே எடுத்துட்டேனே" என்றாள் அக்கா.

"எடுத்தவ ஒரு குரல் கொடுத்தா வாய் தேஞ்சா போயிடும்?" என்று கேட்டாள் ஃபிட்டர் வீட்டம்மா. அக்காவுக்குக் கல்நெஞ்சக்காரி என்று அன்றைக்கு வைத்த பேர்தான்.

இந்த லட்சணத்தில் அக்கா மகனுக்கு ஒரு யோசனை. ஆலையை விமானத்திலிருந்து எடுத்த பழைய படம் ஒன்று எங்கேயோ கிடைத்திருக்கிறது. அதைக் கதவளவு பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டான். அம்மா வந்து பார்த்தால் மனம் இளகுமாம். சாப்பாட்டுக்கு என்று பொய் சொல்லி ஞாயிற்றுக்கிழமை அவளை இழுத்துவரும் வேலை எனக்கு.

இழுத்துவந்தேன். நம் வீடு இதுதான் என்று படத்தில் அவன் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தான்.

"டேய், அது சூப்பர்வைசர் லைன்டா. அங்க பிறந்தவன் மாதிரி ஒட்டி வெச்சிருக்கே" என்றாள் அக்கா.

"ஆமா மாப்பிள்ளை, நம்ம வீடு தண்ணித்தொட்டிக்குக் கீழே. கடைசி வீடு உங்க அம்மாது, அதுக்கு முந்தினது எங்களுது" என்றாள் ஃபிட்டர் வீட்டம்மா.

இரண்டு பேரும் ஒரே கட்சியில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஃபிட்டர் வீட்டம்மா மூக்குக்கண்ணாடி சட்டத்துக் கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குப் படத்தின் கிட்டே போனாள். "இது அந்த ஏரோப்பிளேன்காரன் எடுத்ததா? அவன் ஒரே ஒரு தரம்தானே வந்தான், ஸ்கூல் விழாவுக்கு முதல்நாள். எல்லாரும் கொல்லையில நின்னு வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தோமே. இதோ புள்ளி புள்ளியா நிக்கறோம். ஐயோ, புகை அதுக்குள்ள நம்ம பக்கம் திரும்பிடுச்சு பாருங்க. எங்க கொடியில துணி. அடுத்து, கடைசி வீட்டு..." விரல் நின்றது. "கடைசி வீட்டுக் கொடியிலயும் துணி இருக்கே!"

"எனக்கு ஒண்ணும் தெரியலே. கண்ணாடி மாத்தணும்" என்று அக்கா விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். "அக்கா, நீ எடுக்கவே இல்லியா?"

"நானும் ஏரோப்பிளேனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப உன் துணி?"

"கதவைச் சாத்திட்டு மறுபடி துவைச்சேன். அடுப்புக்கு மேல கயிறு கட்டிக் காயவெச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "இதைச் சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? இத்தனை வருஷம் கல்நெஞ்சக்காரின்னு பேர் சுமந்துக்கிட்டு..."

"கல்நெஞ்சக்காரின்னா பயப்படுவாங்க. புகை பார்க்கத் தெரியாதவன்னா சிரிப்பாங்க. நீயே சொல்லு, எது தேவலை?"

சமையலறை வாசலில் சத்தம். ஃபிட்டர் வீட்டம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா, சிரிக்கிறா! இனி இந்த வீட்டு வாசல்ல கால் வைப்பேனா?" அக்கா கைப்பையைத் தேடினாள்.

"போ! போய் நடுத்தெருவுல கொடி கட்டிக் குடித்தனம் பண்ணு" என்று கத்தினேன். சத்தியமாக அப்போது எனக்கு அவள் எங்கே போனாலும் சரி என்றிருந்தது.

ஃபிட்டர் வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கவுன் போனது போகட்டும். தெரிஞ்சும் நம்மகிட்ட சொல்லாம விட்டுட்டாளேன்னுதான் எனக்கு ஆறலே. உனக்கே தெரியாதுன்னா, சண்டையே இல்லியேடி." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த ரூம்ல என் தையல் மிஷின் கிடக்கு. எடுத்துடறேன்" என்றாள்.

அக்கா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது."

"சொல்லுவேன்."

"அப்ப நான் வரமாட்டேன்."

"வராதே. வியாழக்கிழமை வண்டி அனுப்பறோம், அதுல ஏறி வராதே."

அக்கா பையைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "வண்டிக்காரன்கிட்ட பீரோவைப் படுக்கப்போட வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

வண்டி பிடிக்கிற வேலையும் என் தலையில்தான்.