துறைமுகத்து வீடா, மலை வீடா

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன், ஜெபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் லேஸ் பின்னுவதில் என் கைக்கு நிகரான கை தூத்துக்குடிக் கடற்கரையில் அன்றைக்குக் கிடையாது. இலங்கைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் என் வீட்டுக்காரரைக் கணக்கு வாத்தியாராக எடுத்தபோது என்னையும் தையல் டீச்சராகச் சேர்த்து எடுத்தார்கள் என்றால், அது அவருக்காக இல்லை.

ஜப்பான்காரன் சண்டையில் இறங்கியிருந்த நேரம். மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஈரம்கூடக் காயவில்லை. இங்கே அவருக்கு வேலை இல்லை, போய்த்தான் ஆக வேண்டும். அங்கே அவர்களுக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று கொழும்புத் துறைமுகத்தை ஒட்டி, இன்னொன்று மேலே தேயிலைத் தோட்டத்தில். எங்கே இருக்கப் பிரியமோ சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பச்சைப்பிள்ளைக்கு டாக்டர் பக்கத்தில் வேண்டும், துறைமுகம்தான் சரி என்றார் அவர். நானும் அதைத்தான் சொன்னேன். எனக்கு டாக்டர் கணக்கில்லை, கடல்தான் கணக்கு. என் அண்ணன் கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற தண்டல். ஏதாவது ஒன்று என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் தோணியில் ஏறினால் ஊர் வந்துவிடலாம். கடலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அப்படித்தான் புத்தி போகும். துறைமுகத்துத் தெருவில் வீடும் அண்ணனே பேசி வைத்திருந்தார்.

அடுத்த நடை அண்ணன் கொழும்பிலிருந்து திரும்பியபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கரைக்குப் போனோம். தோணியில் சரக்கு இல்லை. கட்டில், அலமாரி, தையல் மெஷின், அம்மி, தொட்டில்கள். வெறும் தொட்டிலை எங்கள் தோணிக்காரர்கள் கடலில் ஏற்ற மாட்டார்கள். உள்ளே எதையாவது படுக்க வைத்துத்தான் ஏற்றுவார்கள். அன்றைக்கு ஒவ்வொரு தொட்டிலிலும் ஒரு தேங்காய், துணி சுற்றிக் கிடந்தது.

“யாரு சாமான் அண்ணே இவ்வளவும்?”

“கொழும்புல உள்ள நம்ம ஆளுகளோடதுதாம்ளா. ஆளுக்கு முன்னால சாமான் வருது.”

“ஆளுக?”

“கப்பல்ல இடம் கெடைக்கணும்லா.”

கடைசியாக இறங்கிய தொட்டிலைக் காட்டி, அது யார் வீட்டுடையது என்றேன். அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “ஒனக்குப் பேசி வச்சிருக்கேம்லா, அந்த வீட்டுல கெடந்தது” என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். “என்ன மச்சான், தொட்டிலுக்குள்ள தேங்காயா? தண்டலுக்கே தண்ணியில பயமா?”

“தண்ணியில என்ன பயம் மாப்ள? அங்கன அவனவன் வானத்தப் பாத்துல்லா பயப்படுதான். பொழுது சாஞ்சா துறைமுகத்துல ஒரு வெளக்கு கெடையாது.”

“அதான் ஒங்க தோணி இருக்கே அண்ணே” என்றேன்.

“ஏளா, குண்டு போட வாரவன் மொதல்ல எதத் தேடுவான்? கப்பலத் தேடுவான். எந்தோணி எங்கன கெடக்கும்? அந்தக் கப்பலுக்குப் பக்கத்துலதான.”

என் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். நான் கடலைப் பார்த்தேன். அலைகூட இல்லாமல், தரை மாதிரிக் கிடந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த கடலுக்கு அன்றைக்குத்தான் முதுகைக் காட்டி நின்றேன்.

“மலைக்குப் போவோம்” என்றேன்.

“அங்க டாக்டர் கெடையாது. குளிரு வேற. அட்டை கடிக்கும்ங்கான்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அட்டைய உப்பப் போட்டு உதறிரலாம்.”

“கடலப் பாக்காம நீ இருந்துருவியா?”

மறுநாளே மலைக்கு என்று தந்தி போனது.

கரையிலிருந்து லாஞ்சுப் படகில் போய்க் கப்பல் ஏறினோம். அந்தக் கப்பல் ஊருக்கு வரும்போது உட்கார இடமில்லாமல் பெண்களும் பிள்ளைகளுமாக வந்ததாம். போகும்போது தளம் காலியாகக் கிடந்தது. பிள்ளையைக் கிடத்த எந்த இடத்தில் வேண்டுமானாலும் பாய் விரிக்கலாம். டிக்கெட் பார்க்க வந்தவர் என் மடியைப் பார்த்து, “சின்னவனையுமாம்மா கூட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்டார். “மலைக்குத்தான் போறோம்” என்றேன். “மலைக்குப் போறதுக்கும் கொழும்புத் துறைமுகத்துலதானேம்மா இறங்கணும்” என்றார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.