அரைக் கட்டை ஏறிய குரல்

என் முதல் கேசட்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் ஒரு மாடி ஸ்டுடியோவில் பாடிய கேசட். என் சுருதி ஐந்து கட்டை; சின்ன வயதிலிருந்து அதில்தான் பாடுகிறேன். அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு மயிலாப்பூரில் ஏதாவது ஒரு சபா டிசம்பரில் ஒரு மத்தியானக் கச்சேரி கொடுக்காதா என்பதுதான் என் ஒரே ஆசை.

பாடி முடித்ததும் ஒலிப்பதிவாளர், "இனிமேதாம்மா மாஸ்டரிங். ஒரு பாட்டு சத்தமா, ஒண்ணு சன்னமா இருக்கக் கூடாது. எந்த டேப்ரெக்கார்டர்ல போட்டாலும் நீங்க பாடின மாதிரியே கேக்கணும். அதுக்குத்தான் இந்தக் கடைசி வேலை" என்றார். நானும் தலையாட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். பெரிய புத்திசாலி!

கேசட் வந்தது. அதை ஓடவிட்டு, பழக்கதோஷத்தில் சுருதிப் பெட்டியையும் ஐந்தில் வைத்தேன். சேரவில்லை. ஐந்தரைக்குத் திருப்பினேன், ஒட்டிக்கொண்டது. என் தொண்டை ஒருநாளும் எட்டாத உயரத்தில் என் குரல் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலையிலேயே கேசட் கம்பெனி முதலாளி முன்னால் போய் நின்றேன். "யாரைக் கேட்டுண்டு என் குரல்ல கை வெச்சேள்?"

"இன்னாம்மா, காலங்காத்தால சண்டைக்கு வந்துகினு கீறே? கேசட் அறுவது நிமிசம். நீ பாடினது அறுவத்துநாலு. மாஸ்டரிங்ல கொஞ்சம் ஸ்பீடு ஏத்திட்டோம். எல்லாருக்கும் அதான் செய்றோம்."

"ஸ்பீடோட சுருதியும் ஏறிடுத்தே! ஒரு பாட்டை எடுத்துட வேண்டியதுதானே?"

"பாட்டு கொறைஞ்சா ஜனம் வாங்காது. நல்லா துறுதுறுன்னுதானே கீது, வுடும்மா."

பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவாளர் அடுத்த டேப்பை மாட்டப் போய்விட்டார். பாடினதைப் பாடினபடி காப்பாற்ற வேண்டிய வேலையிலேயே இந்த அக்கிரமம்! தொண்டை கிழியக் கத்திவிட்டு, மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் அழுதுகொண்டே நடந்தேன்.

டிசம்பரில் ஒரு சபா கூப்பிட்டது. ஐந்து கட்டையில் பாடினேன். நன்றாகவே பாடினேன், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். மேடையிலிருந்து இறங்கியதும் சபா செயலாளர், "கேசட்ல குரல் என்னமா மேல நின்னுது! இன்னிக்கு ஏன் இறங்கிடுத்து? தொண்டை கட்டிண்டுடுத்தா?" என்றார்.

பொறுக்க முடியவில்லை. பத்துப் பேர் நடுவில், "அது என் சுருதியே இல்லை மாமா! அவா ஸ்பீடை ஏத்திட்டா. இதுதான் என் குரல்!" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இது தெரிஞ்சுண்டேவா அந்தக் கேசட்டை எங்கிட்ட கொண்டுவந்து குடுத்தே?" என்று கேட்டார்.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். முதலாளியிடம் அவ்வளவு கத்திய மறுவாரமே, என்னிடம் வேறு கேசட் இல்லையே என்று, அதையே கைப்பையில் போட்டுக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.