நாபே கட்டிய கயிறு

என் அம்மா நாபே பிடிவாதக்காரி. ஒகினாவா பெரிய தீவின் வடக்கு மலையில் பிறந்து, கடல் தாண்டி எங்கள் மியாகோ தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் ஊர்க் கரும்புக்காட்டில் ஹாபு என்கிற விஷப்பாம்பு உண்டு. அவளுடைய தம்பியைக் கொன்றதும் அதுதான். மியாகோவில் ஹாபு கிடையாது. வந்த நாளிலிருந்து எல்லாரும் இதைச் சொன்னார்கள். அவள் காதில் ஏறவில்லை. கோலால் தட்டாமல் கரும்புக்குள் காலை வைக்கமாட்டாள்.

"அண்ணி, கரும்பு வெட்டச் சொன்னா பேய் ஓட்டுறியே!" என்று அப்பாவின் தங்கை மேகா அத்தை கேலி செய்வாள்.

எனக்கு ஆறு வயதில் ஓர் அறுவடை. அக்கம்பக்கத்தார் கூடி எங்கள் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சருகைக் கிளறி ஒரு மண்பாம்பைப் பிடித்தேன். சாப்பிடும் குச்சி நீளம்தான் இருக்கும். மண்ணுக்கடியில் புழு தின்று வாழும் பிராணி. மியாகோவையும் பக்கத்துச் சில தீவுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அது என் இடது கையின் இரண்டு விரல்களைச் சுற்றி நெளிந்தது. கரும்புத் தோகை அறுத்து அதே விரல்களில் ரத்தம் கசிந்திருந்தது.

அம்மா பாம்பைப் பார்த்தாள், ரத்தத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். பாம்பைப் பிடுங்கி எறிந்தாள். கரும்பு கட்டும் கயிற்றால் என் இரண்டு விரல்களையும் அடியில் இறுக்கிக் கட்டினாள்.

"அவுத்துவிடு அண்ணி! அதுக்குக் கடிக்க வாயே பத்தாது. பிள்ளைங்க வெச்சு விளையாடுறது!" என்று அத்தை கத்தினாள்.

"கிட்ட வந்தீன்னா அரிவாள்தான் பேசும். டாக்டர் வந்து சொல்லட்டும்."

மாட்டுவண்டியில் டவுனுக்குப் போனால், டாக்டர் அடுத்த தீவுக்குப் போயிருந்தார். அவர் படகு திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை அப்பா கெஞ்சினார், நான் கதறினேன். மடியிலிருந்த என்னையும் கையிலிருந்த அரிவாளையும் அவள் விடவில்லை. விரல்கள் கறுத்துப்போயிருந்தன. டாக்டர் இரண்டையும் எடுத்துவிட்டார்.

"பாம்பு கடிக்கல, நாபேதான் கடிச்சா" என்று ஊர் பேசியது. அம்மா வாயே திறக்கவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலும் கல்யாணத்திலும் இடது கையை மறைத்துக்கொண்டே நின்றேன்; மனசுக்குள் அவளைத் திட்டாத நாளில்லை.

எனக்கு மகள் பிறந்த பிறகுதான் கேட்டேன். "தப்பு பண்ணிட்டேன்னு ஒரு தடவையாவது சொல்லத் தோணலையாம்மா?"

அம்மா குழந்தையைக் கீழே கிடத்தினாள்.

"எங்கம்மா எல்லாம் தெரிஞ்சவ. தம்பி பாம்பு கடிச்சிருச்சுன்னு அழுதுக்கிட்டு வந்தான். 'அது ஹாபு இல்லடா, சும்மா பாம்பு, சாப்பிட்டுப் படு'ன்னா. கிழங்கு தின்னான். படுத்தான்."

குழந்தையின் விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"நாளைக்கு உன் மக கையில பாம்பைப் பார்த்தாலும் கட்டுவேன் தொமி. நீ என்னை எவ்வளவு வேணாலும் வெறுத்துக்க. வெறுக்கறதுக்கு நீ இருக்கியே."

அன்றுதான் முதல் தடவையாக அம்மா என் இடது கையை இழுத்து, விரல்கள் இருந்த இடத்தைத் தடவினாள்.