தொட்டிச் சுவரில் ஒரு தேதி

இன்று காலை சிம்மக்கல்லில் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், இப்போது வாகன நிறுத்தமாகிவிட்ட எங்கள் வளவும், அதில் குடியிருந்த ஆறு குடும்பங்களுக்கும் பொதுவான சிமெண்டுத் தொட்டியும், பாசி வழுக்கும் அதன் படியும் கண்முன் வந்து நின்றன.

செவ்வாய்தோறும் சுகாதாரப் பணியாளர் மாரியண்ணன் வந்து, வாளியில் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்துத் தொட்டியில் ஊற்றுவார். மருந்து ஊற்றிய தேதியைத் தொட்டிச் சுவரில் எழுத வேண்டும்; என் கையெழுத்து அழகு என்று சாக்பீஸை என்னிடம் நீட்டி, "கலெக்டரம்மா, தேதியப் போடுங்க" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டின் ஐப்பசியில், மழையில் குழாய்த் தண்ணீர் கலங்கி வந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா மாரியண்ணனை மறித்தாள்.

"காப்பி நாறுச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நினைப்பாக? இந்த வாரம் தேதிய மட்டும் போட்டுட்டுப் போங்கண்ணே."

"தண்ணி கலங்கியிருக்கு தாயி."

"ஒரு வாரத்துல என்ன ஆயிரப்போகுது?"

அவர் தலையைச் சொறிந்தார்; பிறகு சாக்பீஸை நீட்டினார். நான் எழுதினேன்.

அந்த வாரமே மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்டது. அடுத்த வீட்டு மல்லிகா, என் வகுப்புக்காரி, ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் தண்ணீரைக் குறை சொன்னபோது அவளுடைய அம்மா மறுத்தாள்.

"தண்ணி நல்ல தண்ணிதான். மருந்து ஊத்திப் புள்ள தேதி எழுதியிருக்கால்ல."

சொல்லிவிட்டு, அழுதுகொண்டே, இளையவனுக்குக் குடிக்க அந்தத் தொட்டியிலேயே ஒரு செம்பு மொண்டாள். என் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தொட்டிச் சுவரில் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.