கைப்பிடிக்குக் கொடுத்த மண்

பிள்ளையார்பாளையத்தில் சாயச்சரக்கு விற்றவர் அவர். நகக்கண்ணெல்லாம் நீலம். படிக்கல்லைக் கண்ணில் ஒற்றாமல் எதையும் நிறுக்கமாட்டார். எழுபதுகளில் நான் வீட்டிலேயே பித்தளைக் கைப்பிடி வார்த்தேன். அச்சு மணலை இறுக்கிப் பிடிக்கும் பென்டோனைட் களிமண் அவரிடம்தான் கிடைத்தது. அதை நம்பிப் பிசைந்தேன். அச்சு வெடித்து, உருகிய பித்தளை என் பாதத்தில் ஓடியது.

கட்டுப்போட்ட காலோடு போய், மிச்ச மண்ணை அவர் முன்னால் கொட்டினேன்.

"தென்னேரி ஏரி மண்ணு கலந்துதான் கொடுத்தேன்பா," என்றார், குரல் மாறாமல். "நல்லது கோயில் மணி வார்க்கறவங்களுக்கு இருக்குது. நீ கதவுக் கைப்பிடின்னுதானே சொன்ன?"

"என் காலு வெந்துபோச்சுங்க."

"சாமி மணி விரிசல் வுட்டா அந்தப் பாவத்த யாருபா சொமக்கறது?"

அடுத்த மாதம், கோயில் மணிக்கு என்று பொய் சொன்னேன். நல்ல மண்ணை அள்ளிக் கொடுத்தார். விலை அதேதான். சாமி பேரில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று நம்பிய அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.