வானத்தைக் காட்டிய கை

மகளுக்குக் காது கேட்காது. அவளோடு கதைப்பது மனைவியின் வேலை, நெல் யாவாரம் என் வேலை என்று ஒன்பது வருசம் பிரித்து வைத்திருந்தவன் நான்.

பள்ளிக்கூடத்து டீச்சர், கதைக்கும்போதே கையை முகத்தருகே வைத்து விரல்களால் காட்டும் முறையைப் பழக்கினார். உதட்டை மட்டும் பார்த்தால் 'பாடு'ம் 'மாடு'ம் ஒன்றுதான். விரல்கள்தான் எதுவென்று பிரித்துச் சொல்லும். மனைவி அதை மூன்றே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் இரண்டு பேரும் ஓயாமல் கதைத்துச் சிரிப்பார்கள்.

"நீங்களும் பழகுங்களன். புள்ளைக்கு உங்கட வாய் விளங்குதில்ல."

"என்னையும் கூத்தாடச் சொல்றியா? நீ சொல்லு, போதும்."

மடையன் நான், வேறென்ன சொல்ல?

காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி உயிரோடு திரும்பவில்லை, அங்கேயே மௌத்தானாள். ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுக்கும்போது மகள் பயந்துவிடுவாள் என்று அயல் வீட்டில் இருத்தினோம். அந்தப் புத்தியும் என்னுடையதுதான். திரும்பி வந்தவள் உம்மா எங்கே என்று கையை விரித்தாள். வீடு நிறைந்த பெண்கள் அழுதுகொண்டே வானத்தைக் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

முன்பு அவளுடைய சாச்சி, என் மனைவியின் தங்கச்சி, குவைத்துக்கு வேலைக்குப் போனபோதும் நாங்கள் அழுதோம், வானத்தைத்தான் காட்டினோம். சாச்சி பெரிய பெட்டியோடு திரும்பி வந்தாள்.

மறுநாள் மகள் அறை மூலையில் கிடந்த விளையாட்டுச் சாமான்களை அள்ளி ஒதுக்கினாள். கூட்டித் துடைத்துவிட்டு, உம்மாவின் பெட்டி இங்கே என்று இரண்டு கைகளாலும் அகலம் காட்டினாள். யா அல்லாஹ்!

டீச்சரிடம் ஓடினேன்.

"நான் வந்து சொல்லட்டா?"

"வேணாம் டீச்சர். வாப்பா நான் இருக்கன். எனக்குப் பழக்கித் தாங்க."

இரண்டே வசனம். மூட்டை தூக்கிய விரல்கள் வளைய பன்னிரண்டு நாள் பிடித்தது. அத்தனை நாளும் வாசலில் ஆட்டோ நின்றால் மகள் ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

பதின்மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளை முன்னால் இருத்தி, கையை முகத்தருகே உயர்த்தினேன். கண்களை விரித்தாள். வாப்பாவுக்கும் கதைக்கத் தெரிகிறது! சிரித்துக்கொண்டே என் விரலொன்றைப் பிடித்துத் திருத்திவிட்டாள். பிறகு, சொல்லுங்கள் என்று காத்திருந்தாள்.

"உம்மா மௌத்தாகிட்டா. இனி வரமாட்டா."

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் விளையாட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக அந்த மூலையில் திருப்பி வைத்தாள்.

ஒன்பது வருசத்தில் என் பிள்ளைக்கு முழுதாக விளங்கும்படி நான் கதைத்தது அதுதான் முதல் தடவை.