சோடாப் போத்தலில் வந்த தேத்தண்ணி

அன்று காலை நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் இவ்வளவுதான்:

1. இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். மாமி எதுவும் உண்ணவில்லை.
2. மாத்திரையை, எங்கள் பேச்சில் குளிசையை, ஒருநாளும் தவறவிடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். மாமி தவறவிடவில்லை.
3. மண்முனைத் துறையில் இராணுவம் பாதையை மறித்து வைத்திருந்தது.
4. வெயில் ஏறியது.
5. மாமி என்னைப் பார்த்து, இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பாதை என்று நாங்கள் சொல்வது மனிதர், சைக்கிள், உழவு இயந்திரம் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்த எங்களுக்கு ஆஸ்பத்திரி அக்கரையில். யுத்த வருடங்களில் பாதை ஓடுமா ஓடாதா என்பதைத் துறைக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மாமி அப்பாவின் அக்கா. வயல் வட்டையில் நெல் வெட்டுக்காரரை ஒற்றைக் குரலில் மேய்ப்பவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வயலைப் பார்ப்பதுபோலவே அதையும் பார்த்தார். சொன்னதில் இம்மியும் பிசகமாட்டார். கலியாண வீட்டில் கொடுத்த தேத்தண்ணியை யாருக்கும் தெரியாமல் வாழையடியில் ஊற்றிவிட்டு வந்தவர். உணவில்லாத நாளில் குளிசை என்ன செய்யும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் அப்போது மருந்தாளர் பயிற்சியில் இருந்தேன். கழுத்தில் குளிர்ந்த வியர்வை, நடுங்கும் விரல்கள், தடுமாறும் பேச்சு. குளிசை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரத்தத்தில் சீனி இறங்குகிறது. உடனே இனிப்பு உள்ளே போகாவிட்டால் மயங்கிவிடுவார், பாதையோ அசையவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் இனிப்பாக ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். சாரன் துணி விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த, நானா என்று நாங்கள் அழைக்கும் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி ஒருவர், பொதிக்குள்ளிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து நீட்டினார். சீனி போட்ட தேத்தண்ணி.

மாமி வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எனக்குச் சீனி நஞ்சு. நேற்று நீதானே சொன்னாய்?"

"இண்டைக்கு அதுதான் மருந்து, மாமி."

"ஆருக்கடி கதை விடுறாய்?"

நானா குனிந்து, மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்: "அக்கா, இதில சீனியே இல்ல. எண்ட பொண்டாட்டி கஞ்சத்தனம் பிடிச்சவ. ஒரு மிடறு குடிச்சுப் பாருங்க."

மாமி ஒரு மிடறு குடித்தார். கண்ணை விரித்தார். "பொய்யன்! சீனிப்பாணி மாதிரிக் கிடக்கு" என்றார். ஆனால் போத்தலைக் கையிலிருந்து விடவில்லை. முழுவதையும் குடித்து முடித்தார்.

"எண்ட பொண்டாட்டிக்குச் சொல்லிராதீங்க" என்று நானா சிரித்து, ஒரு பணிஸ் ரொட்டியையும் கொடுத்தார். பணிஸ் பாதி முடியும்போது மாமி என்னை என் பெயரால் கூப்பிட்டு, சட்டையை ஏன் இப்படிக் கசக்கி வைத்திருக்கிறாய் என்று ஏசினார். அந்த ஏச்சைப்போல இனிய சொல்லை நான் பிறகு கேட்டதில்லை.

ஆனால் தெளிவு வந்ததும் அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குளிசைப் பைக்கற்றை வெளியே எடுத்தார்.

"இதுதான் என்னைக் கொல்லப் பாத்தது. வாவிக்குள்ள எறியப்போறன்."

எறிந்திருந்தால் திரும்ப ஒரு குளிசையைத் தொட்டிருக்கமாட்டார். அவர் குணம் எனக்குத் தெரியும். கையைப் பிடித்துத் தடுப்பதிலும் பயனில்லை.

"குளிசை இல்ல மாமி, பட்டினி. சாப்பாட்டோடதான் அது வேலை செய்யும். வெறும் வயித்தில போட்டா ஆளையே விழுத்தும்."

மாமி பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "காஞ்ச வயலுக்கு யூரியாப் பசளை எறிஞ்ச மாதிரியா?"

"ஓம், அதேதான்."

"பயிர் கருகிப்போகுமே."

"ஓம்."

"அப்ப பசளையில பிழை இல்ல" என்று சொல்லி, பைக்கற்றை மறுபடி முடிந்துகொண்டார். எத்தனையோ பாடங்கள் படித்த எனக்கு இந்த உவமை தோன்றியிருக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் அவரே கேட்டு உறுதி செய்தார்: பரிசோதனை நாளில் இரத்தம் கொடுத்த பிறகுதான் குளிசை, கையோடு சோற்றுப் பொதி.

இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது. பஸ் சில நிமிடங்களில் வாவியைக் கடந்துவிடுகிறது, யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் கிளினிக் நாளில் மாமியின் பையில் ஒரு சின்னச் சோடாப் போத்தல் இருக்கும், சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணியோடு. திறக்கவேண்டி வந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அதை வாழையடியில் ஊற்றிவிடுவார்.

குளிசை தொடர்கிறது. சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. கண்ணும் காலும் நலம்.